துணைக்கு ஓர் ஆள்

எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முடிதிருத்தும் கடை மாஸ்டர். இன்னொருவன் அவருக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான். மொத்தமே இரண்டு பேர், ஒட்டி உறவாடியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. ஒன்பது வருஷம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முடி. நான் கடை திறந்த மூன்றாவது வாரம், மாஸ்டர் தன் கடையைப் பெருக்கிக் குப்பையை வாசலோரம் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். எது யார் கடை என்று காற்றுக்குத் தெரியுமா? பறந்து வந்த முடி என் மிஷின் கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. ஒரு பெண்ணின் அடையாள அட்டையை நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன். நாற்பதிலும் அவள் கன்னத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. அவள் என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். நான் தெருவைத் தாண்டிப் போய் மாஸ்டரைக் கிழித்தேன். அவர் கத்திரியைக்கூடக் கீழே வைக்காமல், "முடின்னா பறக்கத்தான் செய்யும். நீங்க கதவைச் சாத்தி வைங்க" என்றார். அவ்வளவுதான். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், நானும் வைத்துக்கொண்டேன். முடிவெட்ட நான் இரண்டு தெரு தள்ளிப் போனேன். ஒரு தாள் பிரதி வேண்டுமென்றால் அவர் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தார்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. வந்து, தங்கி, போகிற இடம். பாலம் கட்ட வருவார்கள், கணினி வேலைக்கு வருவார்கள், பயிற்சிக்கு வருவார்கள், ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்க்க வருவார்கள். எல்லோரிடமும் ஒரு ஒப்பந்தம் இருக்கும், எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு கடைசித் தேதி இருக்கும். பதினோரு மாத வாடகைப் பத்திரத்தை நான் எத்தனை ஆயிரம் பிரதி எடுத்திருப்பேன் என்பது அந்த மிஷினுக்குத்தான் தெரியும். வரும்போது வாடகைப் பத்திரம், போகும்போது பணி விடுவிப்புக் கடிதம். நடுவில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை.

அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தெருமுனை விளக்கு இரண்டு வருஷம் எரியவில்லை. ஒருத்தராவது ஒரு மனு எழுதிப் போட வேண்டாமா? "நான் அடுத்த மாசம் கெளம்பிடுவேன் சார்" என்பார்கள். நானும் எழுதவில்லை, அது வேறு விஷயம். பூங்காவில் நட்ட கன்றுகள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் குச்சியாக நின்றன. மூன்று வருஷம் ஒரே விலாசத்தில் இருந்தால்தான் உறுப்பினர் ஆகலாம் என்று நூலகத்தில் ஒரு விதி. உறுப்பினரே சேரவில்லை என்று சொல்லி நூலகத்தை மூடிவிட்டார்கள். கடைகளில் மடக்குக் கட்டில், மடக்கு மேசை, மடக்கு நாற்காலி. மடக்க முடியாத எதையும் அங்கே வாங்க மாட்டார்கள். மாதக் கடைசியில் நடைபாதை முழுக்க மெத்தைகள் கிடக்கும். அடுத்த வாரம் புதிதாக வந்தவர்கள் அதிலேயே நல்லதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு மெத்தையின் ஓரத்தில் யாரோ மையைக் கொட்டியிருந்தார்கள். அந்த மெத்தை மூன்று தடவை தெருவுக்கு வந்து மூன்று தடவை வேறு வேறு மாடிக்கு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? முதல் நாள் கடைக்குப் பூட்டு வாங்கும்போதே, "ஒரு வருஷம் பாப்போம், அப்புறம் போயிடுவோம்" என்று சொன்னவன்தானே. ஒன்பது வருஷமும் அதையேதான் சொன்னேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். கடைச் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. பெயர்ப்பலகைகூட துணியில் எழுதிக் கட்டியதுதான். என் வீட்டுக்காரி, "துணி கிழிஞ்சு தொங்குதுங்க, ஒரு பலகை போடுங்களேன்" என்று ஏழு வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

மாஸ்டரும் ஆறு மாசத்துக்கு என்று வந்தவர்தான். இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. சித்தப்பா மகன் நடத்திய கடை. கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் வேறு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். கடை இவர் தலையில் விழுந்தது. கடைக்கு மேலே ஒற்றை அறை. அங்கே மனைவி வந்தார், மகள் பிறந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி இறந்தார். அன்று மட்டும் நான் அரை நாள் கடையை அடைத்துவிட்டுப் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார், நான் தலையை ஆட்டினேன், வந்துவிட்டேன். மகள் இப்போது தூரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவளும் ஒப்பந்தத்தில்தான். ஆக, கீழே ஒரு நாற்காலி, மேலே ஒரு அறை, நடுவில் பதினான்கு படி. அவர் உலகம் அவ்வளவுதான்.

ஆனால் தொழிலில் மனுஷன் மன்னன். முடிவெட்டும் மிஷினை அவர் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கத்திரியும் சீப்பும்தான். எங்கள் தெருவில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் கடைசியாக ஒருமுறை அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறுவார்கள். "மாஸ்டர், வீட்டுக்குப் போறேன், எங்கம்மா திட்டாத மாதிரி வெட்டுங்க." காது முழுசாகத் தெரிய, பின்கழுத்து சுத்தமாக, வகிடு நேராக. அதற்கு அவர் 'போற வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார். அந்த வெட்டுக்கு மட்டும் அவசரப்பட மாட்டார். முடித்து, துணியை உதறி, கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டிவிட்டு, "நல்லா இரு" என்பார். 'போயிட்டு வா' என்று சொல்ல மாட்டார். திரும்பி வரப்போகிறவனா அவன்?

இப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் ஒருத்தன் காதைக் கிழித்துவிட்டார். பெரிய காயம் இல்லை, ஆனால் ரத்தம். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மறுவாரம் வேறொருவனுக்குக் கிருதா ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அவன் என் கடைக்கு வந்து, "அவருக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்தினான். தெரியவில்லை என்பதுதான் விஷயம். வலது கண்ணில் புரை விழுந்திருந்தது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது.

என் வீட்டுக்காரிக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. சண்டை எனக்குத்தானே? அவள் தினமும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாள். அப்படித்தான் விவரம் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஒரு நாள் வேலைதான். ஆனால் காலை ஏழு மணிக்குத் துணைக்கு ஓர் ஆள் கூட வர வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. முதலில் கொடுத்த தேதிக்கு இவர் தனியாகப் போய், "நானே பாத்துப் போயிடுவேம்மா" என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது மணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்குக் கடையைத் திறந்தார், சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு.

மகளுக்குச் சொல்லவில்லை. புது வேலை, லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். "தம்பி ஒருத்தர் கூட வர்றாரும்மா" என்று போனில் பொய் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அடுத்ததாகக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சொல்லிவிட்டு அந்தத் தம்பியைத் தேட ஆரம்பித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் கேட்டார். கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டுக் கேட்பார். யாரும் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லவில்லை. எல்லோரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். "அந்தத் தேதிக்கு நான் இங்க இருப்பேனான்னே தெரியல மாஸ்டர்." "அன்னைக்கு எனக்கு ஷிஃப்ட் மாறும் மாஸ்டர்." "நான் இங்க புதுசு, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னே தெரியாதே." ஒருநாளைக்கு இருபது தலை அவர் கையில் உருண்டது. அத்தனை தலையில் ஒரு தலை கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு தாடிக்காரன் ஒத்துக்கொண்டான். பாலம் கட்டும் வேலையில் இருந்தவன், நல்ல பையன். "எனக்கு இன்னும் எட்டு மாசம் வேலை இருக்கு மாஸ்டர். செவ்வாய்க்கிழமைதானே, நான் வர்றேன், கவலைய விடுங்க" என்றான். அந்த வாரம் முழுக்க மாஸ்டர் கடையில் ரேடியோ பாடியது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன், சத்தம் தாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை தாடிக்காரன் என் கடைக்கு வந்தான். போனிலிருந்து இரண்டு தாள் எடுக்க வேண்டும் என்றான். எடுத்தேன். ஒன்று, வேறு இடத்துப் பாலத்துக்கு உடனே மாற்றி உத்தரவு. இன்னொன்று, ரயில் டிக்கெட். திங்கட்கிழமை காலை ஆறு மணி.

செவ்வாய்க்கிழமை என்னாச்சு தம்பி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நமக்கெதுக்கு வம்பு என்று விழுங்கிவிட்டேன். இரண்டு தாளையும் மடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன். அவன் நேரே தெருவைத் தாண்டி மாஸ்டர் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் என்ன கேட்டான் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மாஸ்டர் அலமாரியிலிருந்து சலவைத் துணியை எடுத்து உதறினார். முக்கால் மணி நேரம். தாடி போயிற்று, காது தெரிந்தது, வகிடு நேரானது. கண் தெரியாத மனுஷன் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து குனிந்து வெட்டினார். எழுந்திருக்கும்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டான், மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான், ஏதேதோ சொன்னான். மாஸ்டர் அவன் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார். அவன் போன பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்தார்கள். அதையும் விட்டால் புரை ரொம்ப முற்றிவிடும், பழைய பார்வை வருமென்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இதை என்னிடம் சொன்ன அன்று என் வீட்டுக்காரி ஒரு ஆட்டம் ஆடினாள் பாருங்கள். "ஒன்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்கீங்களே, உங்க வாயில என்ன வெச்சிருக்கீங்க? ஒரு முடிக்காக ஒரு மனுஷன் கண்ணு போகணுமா?"

"அவர் என்னைக் கேக்கலையே" என்றேன்.

"ஆமா, பத்திரிகை வெச்சு அழைப்பாரு. போய் நில்லுங்க, போங்க!"

ஒரு விஷயத்தை நான் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே வாரம்தான் நாங்களும் கிளம்புவது என்று முடிவெடுத்திருந்தோம். மச்சான் இருக்கும் ஊரில் கல்லூரிக்கு எதிரே ஒரு கடை காலியானது, அவனே பேசி முடித்துவிட்டான். இரண்டு மாசத்தில் போக வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த 'அடுத்த வருஷம்' வந்தேவிட்டது. அதை மாஸ்டரிடம் சொல்லாமல்தான் தெருவைத் தாண்டினேன்.

"மாஸ்டர், வியாழக்கிழமை நான் வர்றேன்."

அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரலை வைத்து யாரென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஜெராக்ஸ்காரரா? எங்க வர்றீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உங்க கடை?"

"ஒருநாள் மூடினா ஊரு முழுகிடாது."

அவர் நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்தார். அதில் தூசு எதுவும் இல்லை. "சரி" என்றார். எனக்குக் கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறேன், ஒரு நன்றி சொன்னால் என்ன?

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். படிவம் நிரப்பிய நர்ஸ் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "கூட வந்தவர் என்ன உறவு?"

"எதிர் கடை" என்றார் மாஸ்டர்.

"எதிர் கடைன்னு ஒரு உறவு இல்லையே ஐயா."

"தம்பின்னு போட்டுக்கங்க" என்றேன் நான்.

"எதுக்குப் பொய்யி?" என்று மாஸ்டர் என்மேல் பாய்ந்தார். "தெரிஞ்சவர்னு போடுங்கம்மா. தெரிஞ்சவர்தான்."

அவள் அப்படியே எழுதினாள். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் சட்டையைக் கழற்றி, மடித்து, செருப்பு, கடிகாரம், போன் எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டுப் பச்சை அங்கியோடு உள்ளே போனார். சட்டையில் பவுடர் வாசனை. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றி நூறு பேர் இருந்தார்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. அந்தப் போனில் ஒரு அழைப்புகூட வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு ஒரு கண்ணில் கட்டோடு அவரை வெளியே கூட்டி வந்தார்கள். "நல்லா முடிஞ்சுது" என்று நர்ஸ் சொன்னாள். சீட்டில் எழுதிக்கொண்டே, "இன்னொரு கண்ணு மூணு மாசம் கழிச்சு. அப்பவும் இவரேதானே வருவாரு?" என்றாள்.

மாஸ்டர் கட்டில்லாத கண்ணை என் பக்கம் திருப்பினார். அதில் பாதிதான் பார்வை. நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினார்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாசம் கழித்து நான் அந்த ஊரிலேயே இருக்க மாட்டேன் என்று தெரிந்தும் சொன்னேன். தாடிக்காரனாவது தெரியாமல் சொன்னான்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் திடீரென்று பேச ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்துப் பேச்சு. மகளின் பள்ளிக்கூடப் படங்களை மேலே அறையில் மாட்டியிருக்கிறாராம், ஒரு வகுப்புக்கு ஒன்றாகப் பத்துப் படம். "பத்துலயும் இருக்குற ஒரே மொகம் எம்பொண்ணுதான். மத்ததெல்லாம் வருஷா வருஷம் வேற வேற பிள்ளைங்க. டீச்சருங்ககூட வேற வேற. ஒவ்வொரு ஜூன் மாசமும் அழுதுகிட்டே வரும், யாரையுமே தெரியலப்பான்னு. அவ அம்மாதான் சொல்லுவா, நீ போய் மொதல்ல பேசுடின்னு. வேலைக்குப் போற அன்னைக்கு அவ அழவே இல்ல. பழகிப்போச்சு போல."

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் இருந்த இருப்பை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பதினொரு மணிக்கு அவர் டீ வாங்கிக்கொண்டு என் கடைக்கு வருவார். நான்கு மணிக்கு நான் அங்கே போவேன். கட்டு பிரித்த கண்ணால் தெருவைப் பார்த்துவிட்டு, "உங்க பேரெழுதின துணி இவ்ளோ கேவலமா கிழிஞ்சு கெடக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தெச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து தெருமுனை விளக்குக்கு மனு எழுதினோம். இரண்டே கையெழுத்து. பத்தாவது நாள் ஆள் வந்து ஏணி போட்டான். இரண்டு பேரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

மிஷினைக் கழற்ற ஆள் வரும் நாளுக்கு முந்தின நாள் சொன்னேன். வேறு வழியில்லை.

"மாஸ்டர், நாங்க காலி பண்றோம். நாளன்னைக்கு."

"தெரியும்" என்றார்.

"வீட்டுக்காரி சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நீங்க வந்த மொத நாளே போறதைப் பத்தித்தானே பேசினீங்க. அதனாலதான் உங்கள நான் கேக்கவே இல்ல."

"முடிச் சண்டையை மனசுல வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அடப் போங்க. அது ரெண்டாம் மாசமே மறந்துபோச்சு. போற ஆளுகிட்ட எதுக்குப் பழகணும்னு இருந்துட்டேன். இருபத்தாறு வருஷமா பழகிப் பழகி, நல்லா இரு நல்லா இருன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சுங்க."

"அந்தத் தேதிக்கு நான் ரயிலேறி வந்துடுறேன் மாஸ்டர். சத்தியமா."

அவர் என்னைப் பார்த்தார். சரியாகத் தெரிகிற கண்ணால் பார்த்தார். "சரி, வாங்க" என்றார்.

புது ஊரில் கடை நன்றாக ஓடியது. கல்லூரிச் சேர்க்கை நேரம், வாசலில் வரிசை நின்றது. மாஸ்டரின் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் டிக்கெட் பார்த்தேன். இருந்தது. எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடையில் நான் ஒருத்தன். காரணம் இருந்தது. தாடிக்காரனுக்கும் இருந்தது, எல்லோருக்கும் இருக்கும். இரண்டு நாள் முன்னால் போன் பண்ணினேன். நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே, "அட விடுங்க, நான் பாத்துக்கறேன். ஒருத்தர் இருக்காரு" என்றார். யார் என்று கேட்டேன். யாரோ வந்துவிட்டார்கள், முடிவெட்ட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். எடுத்தார். பஸ் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா மாஸ்டர்?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. போன தடவைய விட நல்லா பண்ணிட்டாங்களாம்."

"யாரு வந்தா?"

சிரித்தார். "நீங்கதான் வந்தீங்க."

"என்ன மாஸ்டர் சொல்றீங்க?"

"சொன்னா திட்டக் கூடாது. யாரும் கெடைக்கல. தனியாத்தான் போனேன். வாசல்ல ஒரு ஆளு உக்காந்திருந்தாரு, அவரு சம்சாரத்துக்கும் இன்னைக்குத்தான் ஆபரேஷன். அவருகிட்ட, ஐயா எனக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போடுங்கன்னேன். ஒருத்தருக்கு ரெண்டு நோயாளி கூடாதுன்னு சட்டமாம், அவரு பேரை ஏற்கெனவே எழுதியிருந்தாங்க. நர்சு வேற பழைய சீட்டைப் பாத்துட்டு, போன தடவை வந்தவரேதானேன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னுட்டேன். அவரு உங்க பேருல கையெழுத்துப் போட்டாரு. உங்க கையெழுத்து மாதிரியே இல்ல. அவங்க எங்க பாத்தாங்க!"

எதற்குப் பொய் என்று நர்ஸ் முன்னால் என்மேல் பாய்ந்த மனுஷன் இவர்.

"அவர் பேரு என்ன மாஸ்டர்?"

"கேக்கலையே. கேட்டா வாய் தவறி அந்தப் பேரைச் சொல்லிடுவேன், மாட்டிக்குவோம்னு உங்க பேரைச் சொல்லியே நாள் பூரா கூப்பிட்டேன். நல்ல மனுஷன், அந்தப் பேருக்கே திரும்பித் திரும்பிப் பாத்தாரு. பஸ்ல ஏத்திவிட்டுட்டுத்தான் போனாரு." ஒரு நிமிஷம் நிறுத்தினார். "யோசிச்சுப் பாத்தா, ஒன்பது வருஷத்துல உங்கள நான் ஒரு தடவைகூடப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. இன்னைக்கு ஒரே நாள்ல ஒரு முப்பது தடவை கூப்பிட்டிருப்பேன்."

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவரும் உடனே போனை வைக்கவில்லை. அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் கத்துவது கேட்டது. கட்டுப் போட்ட கண்ணோடு யார் கையைப் பிடித்து இறங்குவார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "சரி, வெச்சுடுறேன், நல்லா இருங்க" என்றார்.

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. வாசலில் இன்னும் பன்னிரண்டு பேர் விண்ணப்பத்தோடு நின்றார்கள். அடுத்த ஆளின் தாளை வாங்கி மிஷினில் வைத்தேன்.